பழக்கூழ்ப் பானமும் பரம்பரை இரகசியமும்



ஒரு கோப்பை ஸ்ட்ராபெரிப் பழம், நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்று, அரைக் கோப்பை கெட்டித் தயிர் ஆகியவற்றை எடுத்துக் கொள்ளுங்கள். பழங்களை நறுக்கி, முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்துக் கட்டியாக்குங்கள். மறுநாள் எல்லாவற்றையும் மிக்ஸி ஜாரில் இட்டு ஒரு நிமிடம் ஓட விடுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில், பாலேடு போன்ற வழவழப்புடன் ஒரு பானம் தயாராகிவிடும். இதை 'ஸ்மூத்தி' என்கிறார்கள். வழவழப்பானது என்பதே அந்தப் பெயரின் பொருள்.

விஞ்ஞான இதழில் சமையல் குறிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் என் மாணவர் ஒருவர், "ஐயா, வெளிநாட்டில் பெரிய பெரிய கருவிகள் இருக்கின்றன. அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு விடையாக நான் கூறிய கதை இந்தப் பானத்திலிருந்துதான் தொடங்கியது. அது இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் மிகப் பெரிய கேள்வி ஒன்றில் போய் முடிந்தது. அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹார்லிக்ஸ் பிறந்த ஊர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக் கரையில் ராசீன் என்றொரு நகரம் உள்ளது. நம் வீடுகளில் நன்கு அறிமுகமான ஹார்லிக்ஸ் அந்த ஊரில் பிறந்ததுதான். இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஜேம்ஸ், வில்லியம் என்னும் ஹார்லிக் சகோதரர்கள், தாங்கள் உருவாக்கிய மால்ட் கலந்த பால் மாவுக்கு 1883-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர்.

அந்த மாவைக் குளிர்ந்த பாலில் கட்டி தட்டாமல் கலக்குவது எளிதன்று. பானக் கடைகளில் இதற்கென்றே மின்சாரக் கலக்கிகள் வந்தன. அதே ராசீன் நகரில் 1910-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹாமில்டன் பீச் நிறுவனம் இவற்றைச் செய்து விற்றது. இவற்றின் மோட்டார் மேலே இருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு கீழ் நோக்கிக் குவளைக்குள் இறங்கும். நாம் கரண்டியால் கலக்குவதையே இது வேகமாகச் செய்தது. மாவைக் கலக்க முடிந்ததே தவிர, பழத்தை அரைக்க முடியவில்லை.

அந்த மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. மாறுதிசை மின்னோட்டத்தில் மின்சாரம் நொடிக்குப் பல முறை திசை மாறுகிறது. அப்படியிருக்க, மோட்டார் முன்னும் பின்னுமாகத் தடுமாறாமல் ஒரே திசையில் சுற்றுவது எப்படி? நிலையான காந்தச் சுருளும் சுழலும் சுருளும் இதில் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. மின்னோட்டம் திசை மாறும்போது இரண்டு சுருள்களிலும் ஒரே சமயத்தில் மாறுகிறது. இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் திருப்பு விசையின் திசை மாறுவதில்லை. சிறிய உருவம், மிகுந்த வேகம் ஆகிய இரண்டையும் கொண்ட இந்த வகை மோட்டாரே இன்று உங்கள் வீட்டு மிக்ஸியிலும் உள்ளது.

அலகு அடிக்கு வந்தது

போலந்திலிருந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி. அவரும் ராசீன் நகரில் மால்ட் பானக் கலக்கிகளைப் பற்றித்தான் சிந்தித்துக் கொண்டிருந்தார். சுழலும் அலகை மேலிருந்து தொங்கவிடாமல் பாத்திரத்தின் அடியில் பொருத்தினால் என்ன என்பது அவருக்குத் தோன்றிய யோசனை. 1922-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

இடம் மாறியதில் அப்படி என்ன விசேஷம் என்று நினைக்கிறீர்களா? அடியில் சுழலும் அலகு திரவத்தை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட திரவம் சுவரில் மோதி மேலே ஏறுகிறது. நடுவில் ஒரு சுழல் உண்டாகிறது. மேலே மிதக்கும் பழத் துண்டுகள் அந்தச் சுழல் வழியே தாமாகவே அலகை நோக்கி இறங்குகின்றன. அரைபடுவதும் மேலேறுவதும் மீண்டும் இறங்குவதுமாக இந்த வட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. ஆட்டுக்கல்லில் பாட்டி ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் மாவைக் குழிக்குள் தள்ளி விடுவாரல்லவா? அந்த மறு கையின் வேலையை இங்கே சுழலே செய்துவிடுகிறது.

ஆனால் இதில் ஒரு சங்கடமும் உண்டு. மோட்டாரின் தண்டு பாத்திரத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். அது தடையின்றிச் சுழலவும் வேண்டும். ஒரு சொட்டும் ஒழுகவும் கூடாது. ஜார் ஒழுகி மேடையெல்லாம் நனைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பழம் அரைக்கும் பொறி வீட்டுக்கு வரத் தாமதமானதற்கு இந்த ஒழுகலும் ஒரு காரணம்.

ஹாமில்டன் பீச் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரெட் ஒசியஸ் இந்தப் பொறியைத் திருத்த முயன்றார். கைப்பணம் கரைந்தது. 1936-ஆம் ஆண்டில், நியூயார்க்கில் வானொலி நிகழ்ச்சியை முடித்துவிட்டு வந்த பிரெட் வேரிங் என்ற புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவரைச் சந்தித்து உதவி கேட்டார். வேரிங் பாட்டுக்காரர்தான், ஆனால் கல்லூரியில் பொறியியல் பயின்றவர். முழுமை பெறாத பொறியைக் கண்டும் அவர் பணம் கொடுத்தார். 1937-ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்த உணவு விடுதியாளர் கண்காட்சியில் அது விற்பனைக்கு வந்தது. விலை 29 டாலர் 75 சென்ட். 'வேரிங் பிளெண்டர்' என்ற பெயரில் வீடு வீடாக நுழைந்த அந்தப் பொறி, 1954-ஆம் ஆண்டிற்குள் பத்து லட்சம் விற்றுவிட்டது.

வழவழப்பின் இரகசியம்

இந்தப் பொறி பழத்தைக் கத்தி போல் நறுக்குகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். மிக்ஸி அலகைத் தொட்டுப் பார்த்தால் அது அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. பிறகு எப்படி அரைக்கிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். அலகின் ஆரம் 3 செ.மீ. என்றும், அது நிமிடத்திற்கு 10,000 முறை சுற்றுகிறது என்றும் கொள்வோம். அலகு முனையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர். அதாவது மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேல்! ஆனால் ஜாரின் சுவரை ஒட்டிய திரவம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. இடையே உள்ள சிறிய இடைவெளியில் திரவத்தின் ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது. இரண்டு அடுக்குகளுக்கிடையே சிக்கிய பழத் துணுக்கின் ஒரு பக்கம் வேகமாகவும் மறு பக்கம் மெதுவாகவும் இழுக்கப்படுகிறது. அதனால் துணுக்கு கிழிகிறது. இந்த விசையைத்தான் பாடநூலில் சறுக்குப் பெயர்ச்சி விசை என்று படிக்கிறோம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குத் துணுக்குகள் சிறுத்துவிட்டால் நாவால் அவற்றைத் தனித்தனியாக உணர முடியாது. அதைத்தான் வழவழப்பு என்கிறோம். வாழைப்பழத்தின் பெக்டினும் தயிரின் புரதமும் நீரைப் பிடித்து வைத்துக் கெட்டித்தன்மை தருகின்றன. உறைந்த பழம் நொறுங்கிப் பொடிப்பொடியான பனித் துகள்களாகிக் கூழைத் தடிக்கச் செய்கிறது.

ஏன் ஒரே நிமிடம்? 500 வாட் மோட்டார் ஒரு நிமிடத்தில் 30,000 ஜூல் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. அதில் பாதி மட்டும் பானத்தில் வெப்பமாக மாறினால்கூட, சுமார் 45 கிராம் பனிக்கட்டியை உருக்கிவிடும். இன்னும் வழவழப்பாக்குவோம் என்று மேலும் மேலும் ஓட விட்டால், பனித் துகள்கள் உருகிப் பானம் நீர்த்துப் போகும்.

உடல் நலத்திற்கும் இதில் ஒரு நன்மை உண்டு. சாறு பிழியும்போது சக்கையை எறிந்து விடுகிறோம். பழத்தின் நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையில்தான் இருக்கிறது. அரைத்த கூழில் முழுப் பழமும் இருக்கிறது. பழம் தரும் இனிப்பே போதும். சர்க்கரை அள்ளிப் போட்டால் இந்த நன்மைக்கே பொருளில்லாமல் போகும். அரைத்தவுடன் குடிப்பதும் நல்லது. கலக்கும்போது உட்புகும் காற்றின் ஆக்சிஜன், வைட்டமின் சி-யைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும்.

சமையலறையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

இனி கதையின் மறு பாதிக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில் உயிரியலாரை ஒரு கேள்வி வாட்டிக் கொண்டிருந்தது. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்லும் பொருள் எது? புரதமா, டி.என்.ஏ.வா? டி.என்.ஏ.தான் என்று சுட்டும் சான்றை ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய தோழர்களும் 1944-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தனர். ஆனாலும் பலர் நம்பவில்லை. இருபது வகை அமினோ அமிலங்களாலான புரதம் எங்கே, நான்கே வகை அலகுகளாலான டி.என்.ஏ. எங்கே என்று அவர்கள் எண்ணினர்.

நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஆல்பிரட் ஹெர்ஷி என்ற விஞ்ஞானி இதைச் சோதிக்க விரும்பினார். அவருக்கு உதவியாளர் மார்த்தா சேஸ். வயது 24, அப்போது அவர் பெற்றிருந்தது இளநிலைப் பட்டம் மட்டுமே.

பாக்டீரியாவைத் தாக்கும் டி-2 என்ற வைரசை அவர்கள் எடுத்துக் கொண்டனர். இதன் உடலில் புரத உறையும் அதனுள் டி.என்.ஏ.வும் தவிர வேறொன்றும் இல்லை என்றே சொல்லலாம். இது பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு எதையோ உள்ளே செலுத்துகிறது. சிறிது நேரத்தில் பாக்டீரியாவுக்குள் நூற்றுக்கணக்கான புதிய வைரஸ்கள் தோன்றுகின்றன. உள்ளே சென்றது எது?

புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை. டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. ஆகவே கதிரியக்கக் கந்தகத்தால் புரதத்திற்கும், கதிரியக்கப் பாஸ்பரசால் டி.என்.ஏ.வுக்கும் அடையாளமிட்டனர். இனி, பாக்டீரியாவின் வெளியே ஒட்டியிருக்கும் வைரஸ் கூடுகளை உதிர்த்துவிட்டு உள்ளே எஞ்சியதை அளக்க வேண்டியதுதான். ஆனால் உதிர்ப்பது எப்படி? பாக்டீரியா உடையவும் கூடாது. கூடு ஒட்டிக் கொண்டிருக்கவும் கூடாது. அவர்கள் பல வகையாக அரைத்துப் பார்த்தும் பலன் கிட்டவில்லை.

அப்போது உடன் பணியாற்றிய மார்கரெட் மெக்டொனால்டு தம்மிடமிருந்த பிளெண்டரை இரவல் கொடுத்தார். உடனே வெற்றி கிட்டியது! நாம் முன்பு பார்த்த அதே சறுக்குப் பெயர்ச்சி விசைதான் அங்கும் வேலை செய்தது. பாக்டீரியாவை உடைக்கப் போதாத, ஆனால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டைப் பிய்த்தெறியப் போதுமான விசை அது. பிறகு மைய விலக்குப் பொறியில் சுழற்றினர். கனமான பாக்டீரியாக்கள் அடியில் படிந்தன. உதிர்ந்த கூடுகள் மேலே திரவத்தில் நின்றன. கந்தகத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு மேலே திரவத்தில் கிடைத்தது. பாஸ்பரசின் பெரும் பகுதி பாக்டீரியாவோடு அடியில் இருந்தது. கூடு உதிர்ந்த பின்னும் பாக்டீரியாவுக்குள் புதிய வைரஸ்கள் தோன்றவே செய்தன. உள்ளே சென்று வேலை செய்தது டி.என்.ஏ.!

இந்த ஆய்வு 1952-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பகுதி கந்தகம் பாக்டீரியாவோடு ஒட்டியே இருந்ததால் ஹெர்ஷியும் சேஸும் தங்கள் முடிவை மிகுந்த எச்சரிக்கையோடுதான் எழுதினர். எனினும் ஏவரியின் சான்றோடு இதுவும் சேர்ந்தபோது ஐயங்கள் பெரிதும் நீங்கின. அடுத்த ஆண்டே வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர். உயிரியல் மாணவர்கள் இன்றும் இதை 'பிளெண்டர் சோதனை' என்றே அறிவர்.

1969-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹெர்ஷி, டெல்புரூக், லூரியா ஆகிய மூவருக்குக் கிடைத்தது. மார்த்தா சேஸ் பெயர் அதில் இல்லை. ஆனால் பாடநூல்கள் அவரை விட்டுவிடவில்லை. அந்தச் சோதனை என்றென்றும் 'ஹெர்ஷி–சேஸ் சோதனை'தான்.

நம் வீட்டு மிக்ஸி

இந்தப் பொறி நம் நாட்டிற்கு வந்தபோது திணறியது. பானம் கலக்கப் பிறந்த பொறியில் காய்ந்த மிளகாயையும் மஞ்சளையும் இட்டால் தாங்குமா? மோட்டார் எரிந்து போயிற்று. தம் வீட்டு வெளிநாட்டுப் பொறி இப்படிப் பழுதானதைக் கண்ட சத்ய பிரகாஷ் மாத்துர் என்ற பொறியாளர், 1960-களில் வலுவான மோட்டார் ஒன்றை வடிவமைத்தார். 'சுமீத்' மிக்ஸி அப்படித்தான் உருவாயிற்று. இல்லாததை எண்ணி அவர் ஏங்கவில்லை, இருப்பதைத் திருத்தினார்.

மாணவ நண்பர்களே! மால்ட் பானம் கட்டி தட்டாமல் இருக்க ஒருவர் அலகை இடம் மாற்றினார். ஒரு பாட்டுக்காரர் அதற்குப் பணம் கொடுத்தார். பரம்பரையின் இரகசியத்தைத் தேடிய இருவருக்கு அது இரவலாகக் கிடைத்தது. கதிரியக்கப் பொருளும் மைய விலக்குப் பொறியும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அவை மட்டும் போதவில்லை. தங்களுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்ற தெளிவான கேள்வி அவர்களிடம் இருந்தது. அதனால்தான் பழம் அரைக்கும் பொறி அவர்கள் கையில் விஞ்ஞானக் கருவியாயிற்று.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்ட மாணவருக்கும் இதையே சொன்னேன். உங்கள் வீட்டு மேடையில் மிக்ஸி இருக்கிறது. அடுத்த முறை அதில் பழக்கூழ் அரைக்கும்போது, ஒரு வெப்பமானியை எடுத்து அரைப்பதற்கு முன்னும் பின்னும் கூழின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். அரைக்கும் நேரத்தை மாற்றி மாற்றி அளந்து, எத்தனை நொடியில் வழவழப்பு உச்சத்தை அடைகிறது என்று குறித்து வையுங்கள். அப்போது உங்கள் கையில் ஒரு சோதனை இருக்கும். கூடவே குடிக்க ஒரு குவளை நல்ல பானமும் இருக்கும்!