வீட்டு வை-ஃபையில் யார் யார்? - ஒரு பட்டியலின் வரலாறு

வீட்டில் இணையம் திடீரென்று மெதுவாகிவிட்டால் பலருக்கும் முதலில் வரும் சந்தேகம், "பக்கத்து வீட்டில் யாராவது நம்ம வை-ஃபையைப் பயன்படுத்துகிறார்களோ?" என்பதுதான். இதைப் பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் பல ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கம் திறக்கும். கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் வழக்கமாக மூன்று பத்திகள். முதலாவது கருவியின் பெயர். இரண்டாவது ஐ.பி. முகவரி. மூன்றாவது, எண்ணும் எழுத்தும் கலந்து 12 இடம் கொண்ட மேக் முகவரி.

இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்தவை அல்ல. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தேவைக்காக, வெவ்வேறு ஆட்கள் உருவாக்கியவை. இதில் முக்கியமான விஷயம், மூன்றில் ஒன்றுகூட "வீட்டுக்குள் அந்நியர் யாராவது இருக்கிறார்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்காக வந்ததல்ல. அந்தக் கேள்வி பின்னால் வந்தது. அதனால் இந்தப் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிய வேண்டுமானால் அதன் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பத்தி: மேக் முகவரி

1973-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில், ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் என்ற யோசனையை எழுதி வைத்தார். ஒரே கம்பியில் பல கணினிகளை இணைப்பது அதன் அடிப்படை. ஒரு கணினி பேசுவது மற்ற எல்லாக் கணினிகளுக்கும் கேட்கும். ஆகவே ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் யாரிடமிருந்து யாருக்கு என்று எழுத வேண்டியிருந்தது. முதல் ஈதர்நெட்டில் இந்த முகவரிக்கு 8 பிட் மட்டுமே இடம். அதாவது அதிகபட்சம் 256 எண்கள். ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அது தாராளம்.

1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஈதர்நெட்டைப் பொதுத் தரமாக வெளியிட்டபோது முகவரி 48 பிட் ஆனது. 281 லட்சம் கோடிக்கும் அதிகமான எண்கள்! இவ்வளவு பெரிய எண் எதற்கு என்று விளக்கி 1981-ல் ஆய்வுக்கட்டுரை எழுதிய இருவரில் ஒருவர் யோகன் தலால். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. உலகில் வேறு எந்தக் கருவிக்கும் இல்லாத ஓர் எண்ணைக் கருவிக்குத் தொழிற்சாலையிலேயே கொடுத்துவிட்டால், அதை எந்த ஊருக்கு எடுத்துப் போனாலும் எண் மோதாது. இதுதான் நோக்கம். எண்ணின் முதல் பாதி தயாரிப்பாளருக்கு உரியது. அதனால்தான் பட்டியலில் உள்ள எண்ணை வைத்து அது எந்தக் கம்பெனியின் கருவி என்று சொல்ல முடிகிறது.

ஆனால் இது மோதலைத் தவிர்க்க வந்த எண். அடையாள அட்டை அல்ல. தொழிற்சாலையில் கொடுத்த எண்ணைத்தான் கருவி சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வேறோர் எண்ணைச் சொல்லும்படி மென்பொருள் கட்டளையிட்டால் கருவி அதைத்தான் சொல்லும்.

1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் என்பவர் எழுதிய ஏ.ஆர்.பி. என்ற விதிமுறையிலும் இதே கதைதான். ஐ.பி. முகவரியையும் மேக் முகவரியையும் பொருத்திப் பார்ப்பது அதன் வேலை. "இந்த ஐ.பி. யாருடையது?" என்று ஒரு கணினி எல்லோரையும் பார்த்துக் கேட்கும். உரிய கணினி "என்னுடையது, என் மேக் முகவரி இது" என்று பதில் சொல்லும். கேட்ட கணினி அதைக் குறித்துக்கொள்ளும். சொன்னது உண்மையா என்று சோதிக்கும் வழி அதில் இல்லை.

இரண்டாவது பத்தியும் முதல் பத்தியும்: லாட்ஜ் பதிவேடு

ஆரம்பத்தில் ஐ.பி. முகவரியை ஒவ்வொரு கணினியிலும் கையால் பதிய வேண்டியிருந்தது. எந்தக் கணினிக்கு எந்த எண் என்பதை நிர்வாகி கணக்கு வைத்துக்கொள்வார். 1985-ல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகிய இருவரும் பூட்-பி என்ற முறையை எழுதினார்கள். அதில் எந்த மேக் முகவரிக்கு எந்த ஐ.பி. என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வைக்க வேண்டும். பட்டியலில் இருப்பவருக்கு எண் கிடைக்கும். கல்யாண வீட்டில் அழைப்பிதழ் உள்ளவருக்கு மட்டும் இலை போடுவது மாதிரி.

ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகும் கணினிகள் வந்த பிறகு இந்த முறை சரிப்படவில்லை. 1993-ல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. அதை மாற்றியது. யார் வந்து கேட்டாலும் ஓர் ஐ.பி. எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம். காலம் முடிந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் எண் அடுத்தவருக்குப் போகும். லாட்ஜில் அறை கொடுப்பது மாதிரி. அறை எண் யாரிடம் இருக்கிறது என்று தெரிய ஒரு பதிவேடு வேண்டும் அல்லவா? அந்தப் பதிவேடுதான் பிற்காலத்தில் பல ரவுட்டர்களில் தெரிந்த கருவிப் பட்டியல்.

முதல் பத்தியில் இருக்கும் பெயரும் இங்கிருந்து வந்ததுதான். எண் கேட்கும்போது கருவி தன் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம் என்று விதிமுறை அனுமதிக்கிறது. லாட்ஜில் வந்தவரே தன் பெயரை எழுதிவிட்டு மேலே போகிறார், யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. இன்னொரு விஷயம், அறையைக் காலி செய்ததைச் சொல்லாமல் போனவரின் பெயரும் குத்தகைக் காலம் முடியும் வரை பதிவேட்டில் இருக்கும். காலையில் வந்து போன உறவினரின் கைப்பேசி மாலையிலும் சில ரவுட்டர்களின் பட்டியலில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பதிவேடு வீட்டுக்கு வந்தது

அதுவரை இதெல்லாம் அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் இருந்த நிர்வாகிகளின் வேலை. வீட்டுக்குக் கொண்டுவந்தவை இரண்டு மாற்றங்கள்.

ஒன்று, 1994-ல் விதிமுறையாக வெளியான நாட் என்ற முகவரி மாற்று முறை. ஐ.பி. எண்கள் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் பிறந்த யோசனை இது. வீட்டுக்குள் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே ஒரு முகவரிதான் தெரியும். உள்ளே பயன்படுத்தும் 192.168 என்று தொடங்கும் எண்கள் 1990-களின் நடுவில் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை.

மற்றொன்று வை-ஃபை. 1997-ல் முதல் தரம் வந்தது, வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல் அது 11 மெகாபிட் ஆனது. அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஏர்போர்ட் என்ற கருவியை வெளியிட்டது. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலமும் கறுப்புமான பெட்டி வந்து உலகப் புகழ் பெற்றது. ரவுட்டர், வை-ஃபை, எண் குத்தகை, முகவரி மாற்று என எல்லாம் ஒரே பெட்டியில். நிர்வாகியின் பதிவேடும் அதோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

சுவரைத் தாண்டிய இணைப்பு

கம்பி இணைப்பில் திருட வேண்டுமானால் ஒருவர் வீட்டுக்குள் வந்து கம்பியைச் செருக வேண்டும். வானொலி அலைக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை. அந்தக் காலத்தில் பல பெட்டிகள் கடவுச்சொல் இல்லாமலே வேலை செய்யும்படி விற்கப்பட்டன. இருந்த ஒரே பூட்டான வெப் என்ற மறையாக்க முறையும் பலவீனமானது என்று 2001-ல் ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் ஆகிய மூவர் நிரூபித்தார்கள். 2002-ல் லண்டனில், இலவசமாக வை-ஃபை கிடைக்கும் இடங்களைச் சுவரில் சாக்பீஸால் குறித்து வைக்கும் யோசனைகூட வந்தது. வெப்-புக்குப் பதிலாக 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2 என்ற வலுவான பூட்டுகள் வந்தன. ஆனால் அவற்றைப் போட்டு வைக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

2005-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், இன்னொருவர் வீட்டு வை-ஃபையை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் எப்படிப் பிடிபட்டார் தெரியுமா? பட்டியலைப் பார்த்து அல்ல. வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்ததை வீட்டுக்காரர் கண்ணால் பார்த்துவிட்டார்.

இந்தியாவில் இந்த விஷயம் விளையாட்டில்லை என்று புரிந்தது 2008-ல். ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நடப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீசார் அதன் ஐ.பி. முகவரியைத் தேடிப் போனபோது அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவர் விசாரிக்கப்பட்டார், கணினி சோதிக்கப்பட்டது. கடைசியில் தெரியவந்தது, அவருடைய பாதுகாப்பில்லாத வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதே. 2009 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வாடிக்கையாளர்களின் வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பானதாக ஆக்கும்படி இணைய சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

நாட் முறையின் மறுபக்கம் இங்கேதான் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் முழு வீட்டுக்கும் ஒரே முகவரி. உள்ளே இருந்த எந்தக் கருவி அதை அனுப்பியது என்பதற்கு ரவுட்டர்தான் சாட்சி. ஆனால் வீட்டு ரவுட்டர் பொதுவாகக் கொஞ்ச நாள் விவரத்தைத்தான் வைத்திருக்கும். பல பெட்டிகளில் மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலே பதிவு அழிந்துவிடும். அப்படியே இருந்தாலும் அதில் இருப்பது, வந்தவர் தானே சொன்ன பெயரும் தானே சொன்ன எண்ணும்தான்.

அப்போது பலர் கண்ட தீர்வு மேக் வடிகட்டல். தெரிந்த எண்களை மட்டும் அனுமதிப்பது, அதாவது பழைய அழைப்பிதழ் முறை. ஆனால் மேக் முகவரி மறையாக்கம் இல்லாமல் காற்றில் போகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் அனுமதி பெற்ற எண்ணை எடுத்துத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்ளலாம். பட்டியலில் வீட்டுக்காரரின் எண்ணே தெரியும்!

கருவிகளே முகம் மறைத்தபோது

கைப்பேசி வந்த பிறகு கதை இன்னொரு பக்கம் திரும்பியது. வை-ஃபை திறந்திருக்கும் கைப்பேசி, சுற்றிலும் என்ன இணைப்பு இருக்கிறது என்று போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போகும், தன் மேக் முகவரியையும் சொல்லிக்கொண்டே. 2013-ல் லண்டன் மாநகரின் மையப் பகுதியில் விளம்பரத் திரை பொருத்திய சில குப்பைத் தொட்டிகள், அந்த வழியே நடந்து போனவர்களின் கைப்பேசி எண்களை இப்படிச் சேகரித்து வந்தது வெளியானது. எதிர்ப்பு கிளம்பியது, நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது.

1980-ல் "எங்கே போனாலும் மாறாத எண்" என்பது வசதி. 2013-ல் அதுவே ஆளைப் பின்தொடரும் கருவி ஆகிவிட்டது. 2014-ல் ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். 8, இணைப்பைத் தேடும்போது பொய்யான எண்ணைச் சொல்லத் தொடங்கியது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ம் 2020-ல் ஐ.ஓ.எஸ். 14-ம், இணைந்த பிறகும் ஒவ்வொரு வை-ஃபைக்கும் ஒரு மாற்று எண்ணைக் கொடுப்பதை வழக்கமாக்கின.

தெருவில் நடப்பவருக்கு இது நல்ல பாதுகாப்பு. வீட்டுப் பட்டியலைப் பார்ப்பவருக்குத் தலைவலி. சொந்த மகளின் கைப்பேசியே பெயர் தெரியாத அந்நியனாகத் தெரியும். எண்ணை வைத்துக் கம்பெனியைக் கண்டுபிடிக்கும் வித்தையும் அங்கே பலிக்காது. ஒரு சிறு அடையாளம் மட்டும் உண்டு. மேக் முகவரியின் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது தொழிற்சாலை எண் அல்ல, கருவியில் பின்னால் அமைக்கப்பட்ட எண். இன்றைய கைப்பேசிகளில் அது பெரும்பாலும் இந்த மாற்று எண்தான்.

இதற்கிடையே 2016-ல் இன்னொரு பாடமும் கிடைத்தது. மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத ஆரம்பக் கடவுச்சொல் கொண்ட இணையக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு நடந்த தாக்குதலில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் முடங்கின. அந்தக் கேமராக்கள் எல்லாம் அவரவர் வீட்டுப் பட்டியலில் சரியான பெயரோடு, சொந்தக் கருவியாகவே இருந்திருக்கும். தெரிந்த பெயர் என்பதால் மட்டும் நல்ல கருவி என்று அர்த்தமில்லை.

பட்டியலை எப்படிப் படிப்பது?

இவ்வளவையும் பார்த்தால் ஒன்று விளங்கும். இந்தப் பட்டியல் "எத்தனை" என்ற கேள்விக்கு ஓரளவு நன்றாகப் பதில் சொல்லும். "யார்" என்ற கேள்விக்கு அவ்வளவாகச் சொல்லாது. ஆகவே பெயரைப் பார்த்துச் சந்தேகப்படுவதைவிட எண்ணிக் கழிப்பது மேல். வீட்டில் உள்ள கைப்பேசி, கணினி, டி.வி., பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக வை-ஃபையிலிருந்து துண்டித்தபடி பட்டியலில் எது இணைப்பிலிருந்து போகிறது என்று பார்க்கலாம். பழைய குத்தகைகளையும் காட்டும் ரவுட்டராக இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஏதாவது மிச்சம் இருந்தால், அது யார் என்று ஆராய்ச்சி செய்து பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. வை-ஃபை கடவுச்சொல்லையும் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு, மறையாக்கம் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3-ல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். புதிய கடவுச்சொல் தெரியாத எந்தக் கருவியும், அது என்ன பெயர் சொன்னாலும், உள்ளே வராது.

பதிவேடு எழுத வந்தவரைக் காவலுக்கு நிறுத்தினால் அவரால் முடிந்ததைத்தான் செய்வார். வாசலுக்கு வேண்டியது நல்ல பூட்டு.