கண்ணாடிக் குழாயில் பிறந்த பெருமூலக்கூறு

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரையுங்கள். தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அதே ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கஞ்சி கொழகொழவென்று கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏன்? மாவுச்சத்தும் சர்க்கரைக் கண்ணிகளால் ஆனதுதான்; ஆனால் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. பள்ளிப் பாடமாகிவிட்ட இந்த விடையை நிலைநாட்டியவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பசைபோன்ற பொருள்களுக்கு 1861-ல் தாமஸ் கிரஹாம் ‘கொலாய்டு’ என்று பெயர் வைத்தார். ரப்பரும் மாவுச்சத்தும் சின்ன மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்ட கும்பல் என்பதே அதன்பின் பலரின் கருத்து. 1920-ல் சூரிச்சில் இருந்த ஹெர்மன் ஸ்டௌடிங்கர் அதை மறுத்தார். ரப்பரோடு ஹைட்ரஜனைச் சேர்த்துப் பார்த்தார். கும்பலாக இருந்தால் கலைந்திருக்க வேண்டும், கலையவில்லை. 1922-ல் ‘மேக்ரோமாலிக்யூல்’, அதாவது பெருமூலக்கூறு, என்ற சொல் பிறந்தது. ரப்பரை நன்றாகச் சுத்தம் செய்தால் படிகமாகிவிடும், இந்தப் பெரிய மூலக்கூறு யோசனையை விட்டுவிடுங்கள் என்று ஹைன்ரிஷ் வீலாண்ட் புத்தி சொன்னார். அவர் சாதாரண ஆளல்ல, 1927-ன் நோபல் பரிசுக்காரர்.

சங்கிலியின் நீளத்தை எப்படி அளப்பது? ஸ்வீடனில் விஞ்ஞானி ஸ்வெட்பெர்க்கிடம் இருந்த அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் என்ற அதிவேகச் சுழற்சிக் கருவி, ஸ்டௌடிங்கர் பிறகு வேலைக்குப் போன ஃப்ரைபர்க்கில் இல்லை. அவர் கையில் எடுத்தது ‘யு’ வடிவக் கண்ணாடிக் குழாய். ஒரு பக்கத்தில் மேலும் கீழும் இரண்டு கோடுகள். கீழே மயிரிழைத் துளை. சூடு மாறாத தண்ணீர்த் தொட்டியில் அதை நிறுத்தி, கரைசலை மேல்கோட்டுக்கு மேலே உறிஞ்சி விட்டுவிட வேண்டும். திரவமட்டம் மேல்கோட்டைத் தொடும்போது கடிகாரத்தைத் தட்டி, கீழ்க்கோட்டில் நிறுத்த வேண்டும். முதலில் வெறும் கரைப்பான், பிறகு கரைசல்; இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டால் கரைசலின் பாகுநிலை தெரியும். ஸ்டைரீனைக் குறைந்த சூட்டில் பாலிமராக்கினால் சங்கிலி நீளம். அதிகச் சூட்டில் குட்டை. நீளம் கூடக் கூடக் குழாயில் இறங்கும் நேரமும் கூடியது. 1930-ல் பாகுநிலையையும் மூலக்கூறு எடையையும் நேர்விகிதத்தில் இணைத்து விதி எழுதினார்.

அந்த விதி முழுச் சரியல்ல. சங்கிலி குச்சிபோல் விறைத்து நிற்பதாக அவர் நினைத்தார். உண்மையில் அது கலைந்த நூல்போல் சுருண்டு கிடக்கிறது என்று 1934-ல் வெர்னர் கூன் காட்டினார். மார்க்கும் ஹவுவிங்கும் எடைக்கு ஓர் அடுக்கைச் சேர்த்துச் சூத்திரத்தைத் திருத்தினார்கள். எனக்கு அதில் குறையாக ஒன்றும் படவில்லை. திருத்துவதற்கு ஒரு விதியை எழுதிவைத்தவர் அவர்தானே.

1953-ல் நோபல் வந்தபோது ஸ்டௌடிங்கருக்கு வயது 72. இன்றும் தண்ணீர் பாட்டிலுக்கான பெட் பிளாஸ்டிக்கின் தரத்தை, அதைக் கரைத்து அதேபோன்ற குழாயில் இறக்கி, நொடிகளை எண்ணிப் பார்க்கிறார்கள்.