வெள்ளக்காரன் தாயம்

பன்னிரண்டு வருசமா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறேன். லூபோக் சீனா வீட்டில் என் இருபது முகப் பகடையைப் பார்த்து, “என்னய்யா, வெள்ளக்காரன் தாயமா?” என்றார் பாட்டி.

பாதி சரி. இந்தியச் சதுரங்கம் பாரசீகம் வழி ஐரோப்பா போனது. 1780இல் ஜெர்மானியர் ஹெல்விக் அதை விரித்துப் போர் விளையாட்டாக்கினார். 1824இல் பிரஷ்யாவில் வெளிவந்த ரைஸ்விட்ஸின் விளையாட்டில், பகடையை உருட்டி நடுவர் முடிவு சொன்னார். 1974இல் அமெரிக்காவின் கைகாக்ஸும் ஆர்னசனும் படைக்குப் பதிலாக ஆளுக்கொரு வீரனைக் கொடுத்தார்கள். நடுவர் கதைசொல்லி ஆனார்.

இவ்வளவு தெரிந்த எனக்குத் தாயம் ஆடத் தெரியாது. தோட்டத்துக் கூட்டாளிகள் பிரிந்தபின் பாட்டியும் ஆடியதில்லை. போன வாரம் சொல்லித்தரக் கேட்டேன். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டார். “தாயம் விழுந்தாத்தான் காய் எறங்கும்.”

எனக்கு இன்னும் விழவில்லை.