பத்மநாபபுரம் அரண்மனையும் என் பாட்டியின் கேள்வியும்

பத்மநாபபுரம் அரண்மனைக்கு முதல் முறை போகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இடம் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்குப் பக்கம். நிலம் தமிழ்நாடு. ஆனால் வாசலில் இருப்பது கேரள அரசின் தொல்லியல் துறைப் பலகை. இது எப்படி?

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கல்குளம் தாலுகாவில் இருந்த அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. இன்றும் அப்படித்தான்.

நான் அதை முதலில் பார்த்தது 1967ல், ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. பள்ளியில் ஒரு நாள் சுற்றுலா அழைத்துப் போனார்கள். தக்கலை வரை பஸ், அங்கிருந்து நடை, கையில் வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு. சரித்திர வாத்தியார் கோட்டை மதிலுக்கு வெளியே எங்களை நிறுத்தி, பாடத்தை அங்கேயே தொடங்கினார்.

1601 வாக்கில் வேணாட்டு அரசர் இரவிவர்மா கட்டத் தொடங்கிய அரண்மனை இது. 1729ல் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்டவர்மா அதைப் பெரிதாக்கினார். 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர் அவர். அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரி பிறகு அவருடைய படைக்கே தளபதியானார். அவருடைய கல்லறை பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. 1750ல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, தன்னைப் 'பத்மநாபதாசன்' என்று அழைத்துக்கொண்டார். ஊருக்கும் பத்மநாபபுரம் என்ற பெயர் வந்தது. 1795ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது.

உள்ளே போனதும் எங்களுக்கு முதலில் ஏமாற்றம். அரண்மனை என்றால் தங்கத் தூணும் பளிங்குத் தரையும் இருக்கும் என்று சினிமா பார்த்து நம்பியிருந்தோம். இங்கே கண்ட இடமெல்லாம் மரமும் ஓடும். நிமிர்ந்து பார்க்கப் பார்க்கத்தான் அந்த மரவேலையின் அருமை புரிந்தது. பூமுகத்தின் கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. மேலே மந்திரசாலை. ராஜா அமைச்சர்களோடு ஆலோசனை செய்த அந்த அறை நம் வகுப்பறையைவிடப் பெரிதாக இருக்காது. பலகைச் சட்டங்களின் இடைவெளி வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். தரை கறுப்பாக, முகம் தெரியும் அளவுக்கு மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்பார்கள்.

உப்பரிகை மாளிகை நான்கு நிலை. கீழே கருவூலம், அதற்கு மேல் மூலிகை மரங்களால் செய்த ராஜாவின் கட்டில், உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த பூஜையறை. அங்கே கடவுளுக்குத்தான் இடம். நாட்டைப் பத்மநாபனுக்குக் கொடுத்தேன் என்று சொன்னவர், அதைக் கட்டடத்திலும் அப்படியே காட்டியிருக்கிறார் என்றார் வாத்தியார்.

கடைசியாக ஊட்டுப்புரை. நீண்ட இரண்டு கூடங்கள், கீழே ஒன்று, மேலே ஒன்று. ஒரே நேரத்தில் 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீன பரணிகளும் அங்கே இருந்தன. நாங்கள் வெளியே வந்து மரநிழலில் பொதிச்சோற்றைப் பிரித்தோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், பார்த்ததையெல்லாம் பாட்டியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பாட்டிக்கு அப்போது எழுபத்தைந்து வயதிருக்கும். அரண்மனையிலிருந்து சில மைல் தூரத்திலேயே பிறந்து வாழ்ந்தவள். பூக்களையும் கறுப்புத் தரையையும் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டாள்.

"உள்ள விட்டாவளா மக்களே?"

"சீட்டு எடுத்தா யாரையும் விடுவாவ பாட்டி" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாரையுமா?" என்று திரும்பக் கேட்டாள்.

அந்தக் கேள்வியின் கனம் கல்லூரிக்குப் போய்ப் புத்தகங்களைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் நாடார் குடும்பம். பழைய திருவிதாங்கூரில் நாடார் ஒருவர் நம்பூதிரியிடமிருந்து 36 தப்படி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கே இருந்தது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. வீட்டுக்கு மாடி வைக்கக் கூடாது. உப்பரிகை மாளிகை நான்கு நிலையில் நின்ற அதே நாட்டில்தான் இந்தச் சட்டம். அரசு வேலைகளுக்கு ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டும்.

பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அதை எதிர்த்து 1822ல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் இதே கல்குளம், இரணியல் பக்கங்களில்தான் மூண்டது. சந்தைகளில் பெண்களின் ரவிக்கைகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. விட்டுவிட்டு 37 வருடம் நடந்த போராட்டம் அது. 1859 ஜூலையில், சென்னை கவர்னர் டிரெவலியனின் நெருக்குதலுக்குப் பிறகு, நாடார் பெண்கள் எல்லோரும் ரவிக்கை அணியலாம் என்று மகாராஜா உத்தரவிட்டார். அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. என் பாட்டியின் பாட்டி அப்போது குமரிப்பெண்.

ஊட்டுப்புரை விஷயமும் அப்படித்தான். திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகளில் அரசு செலவில் நடந்த சாப்பாடு பெரும்பாலும் அந்தணர்களுக்கே. 2000 பேருக்கு இலை போட்ட கூடத்தின் அடுப்புக்கு விறகு வெட்டியவனுக்கு அங்கே இலை கிடையாது.

கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12ஆம் தேதி, சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால். பாட்டிக்கு அப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அதன் பிறகு கோயிலுக்குப் போய் வந்தாள். அரண்மனைக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை. அழைத்துப் போகிறேன் என்று நான் சொன்னபோதும், "நீ பாத்தாச்சுல்லா, அது போதும்" என்றுவிட்டாள்.

இதையெல்லாம் எழுதுவதால் அரண்மனையின் அழகு குறைந்துவிடாது. அந்தத் தொண்ணூறு பூக்களைச் செதுக்கிய ஆசாரிகளின் கைத்திறனுக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். காலையிலேயே போனால் கூட்டம் குறைவு. பூமுகத்தின் கூரையை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஊட்டுப்புரைக்கு வந்ததும், 2000 பேர் உட்காரலாம் என்பதோடு நிறுத்திவிடாமல், யார் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.