இற்றைப்படுத்தலுக்கு முந்தைய காப்புநகல்

இற்றைப்படுத்தலுக்கு முந்தைய காப்புநகல் என்பது, வீட்டுக் கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன்னர், பயனரின் கோப்புகளை வேறொரு சாதனத்தில் படியெடுத்து வைப்பதாகும். விண்டோஸ் எம்ஈ (2000) பதிப்பில் அறிமுகமான சிஸ்டம் ரெஸ்டோர் வசதி இதற்கு ஈடாகாது. அது இயங்குதளக் கோப்புகளையும் அமைப்புகளையும் முந்தைய நிலைக்குக் கொண்டுவருமேயன்றி, அழிந்துபோன கடிதங்களையோ ஒளிப்படங்களையோ மீட்டுத் தராது. இவ்வேறுபாட்டைப் பலரும் இழப்புக்குப் பின்னரே அறிகின்றனர்.

2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆவணங்கள் முதலிய கோப்புறைகளை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்த பயனர்கள் சிலர் அவற்றை இழந்தனர். பயனற்ற வெற்றுக் கோப்புறைகளை நீக்குவதற்காக எழுதப்பட்ட நிரல், உள்ளே கோப்புகள் இருந்த கோப்புறைகளையும் நீக்கியதே காரணம். சில நாட்களில் வெளியீட்டை நிறுத்திய மைக்ரோசாப்ட், பிழையைத் திருத்தி நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. பாதிப்பைத் தெரிவித்தோர் 0.01 விழுக்காட்டினரே என்றது அந்நிறுவனம்; கோப்பை இழந்தவருக்கு அக்கணக்கால் பயனில்லை.

படியெடுத்தபின் சில கோப்புகளைத் திறந்து சரிபார்த்து, இற்றைப்படுத்தல் முடியும்வரை வெளி வன்தட்டைக் கழற்றி வைத்தல் வேண்டும். அதே வன்தட்டின் மற்றொரு பிரிவில் எடுத்த படி, வன்தட்டு பழுதடையின் உதவாது.