கேளாமல் வந்த தொழில்: கொடைக்கானல் கற்பித்த பாடம்

பழனி மலைத்தொடரின் வடக்கே பாலக்காட்டுக் கணவாய். தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவக்காற்று இவ்விரு வழிகளிலும் புகுந்து, ஒருபுறம் உடுமலை, பல்லடம் வரையிலும், மறுபுறம் தேனிச் சீமையிலும் வீசுகின்றது. அக்காற்றை நம்பி எழுந்த காற்றாலைகள் இன்று அவ்வூர்களின் வயல்வெளிகளில் வரிசை வரிசையாக நின்று சுழல்கின்றன. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய இம்முயற்சி, இன்று தமிழகத்தில் பத்தாயிரம் மெகாவாட்டையும் கடந்து வளர்ந்துவிட்டது. புகையில்லாத மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், 'உங்கள் ஊருக்கு ஒரு தொழில் வருகின்றது' என்ற செய்தி எட்டும்போது ஊரார் என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்ற வினா ஒன்று உண்டு. அதற்கு விடை தேடுவோர், இரு காற்று வழிகளுக்கும் நடுவே நிற்கும் மலையின் அண்மைக்கால வரலாற்றைப் படித்தல் நலம்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் இங்கு முதல் வீடுகளைக் கட்டினர். பின்னர் ஏரி வந்தது. 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. மலையின் உண்மையான செல்வமோ சோலைக்காடுகள். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கசியவிடுபவை அவை. அவற்றுள் ஒன்றான பாம்பார் சோலையின் நீர் மலையடிவாரம் இறங்கி வைகையோடு சேர்கின்றது. மலையுச்சியில் சிந்தும் ஒரு துளி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இதனால் உணரலாம்.

அந்தச் சோலையின் விளிம்பில்தான், 1983-இல், உடல் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இயங்கி மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்கள் கப்பலேறி இங்கு வந்தன. பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த வெப்பமானிகளும் வெளிநாட்டுக்கே சென்றன. தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனத்துக்கு உரியதாக இருந்த இவ்வாலை, 1998-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

ஆலை வந்தபோது ஊர் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு வேண்டிய செய்தி எதுவும் ஊராரிடம் இல்லை. சுற்றுலாப் பருவம் முடிந்தால் கூலி வேலை அருகிவிடும் மலையில், மாதச் சம்பளம் தரும் ஆலை வேலை பெரும்பேறாகவே எண்ணப்பட்டது. இளைஞரும் மகளிரும் மகிழ்ச்சியோடு வேலையில் சேர்ந்தனர். கண்ணாடிக் குழாயில் வெள்ளிபோல் மின்னும் அத்திரவம், கண்ணுக்குத் தெரியாத ஆவியாக மாறி மூச்சின் வழியே உடலுட் புகும் என்பதும், நரம்புகளையும் சிறுநீரகங்களையும் தாக்கும் என்பதும் தங்களுக்கு விளக்கப்படவில்லை என்று அவர்கள் பின்னாளில் முறையிட்டனர். ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் பாதரசக் கழிவு கலந்த மீனை உண்ட மக்கள் கைகால் முடங்கி வீழ்ந்த செய்தி 1956-இலேயே வெளிப்பட்டது. உலகம் அறிந்த அவ்வுண்மை, பாம்பார் சோலையருகே குடியிருந்தவர்களின் வாசலை எட்டவில்லை.

உண்மை வெளிப்பட்ட இடம் ஒரு பழைய சாமான் கடை. மூஞ்சிக்கல் பகுதியில், மக்கள் நெருங்கி வாழும் இடத்தில், ஆலையிலிருந்து வந்த பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது. 2001 மார்ச் 7 அன்று ஏறத்தாழ நானூறு பேர் ஆலை வாயிலை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். முன்னாள் தொழிலாளர், உள்ளூர் மக்கள், 1985 முதல் மலையின் காடுகளுக்காகப் பேசி வந்த பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர், கிரீன்பீஸ் இயக்கத்தினர் ஆகியோர் ஒன்றாக நின்றனர். அம்மாதத்திலேயே ஆலை நின்றது. கழிவு விற்கப்பட்டது தன் நடைமுறைக்கு மாறானது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொழிலாளரின் உடல்நலம் கெடவில்லை என்பதையோ தொடர்ந்து வலியுறுத்தி வந்தது.

2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியே அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கழிவு, வந்த வழியே திரும்பிச் சென்றது பெரிய வெற்றிதான். ஆனால் உடலுக்குள் சென்றதையும் மண்ணுக்குள் சென்றதையும் கப்பலேற்ற முடியுமா? முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். ஆண்டுகள் உருண்டன. 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற நம் சமுதாயப் பெண், இத்துயரத்தைப் பாடலாக்கி இணையத்தில் வெளியிட்டார். உலகின் பல மூலைகளிலும் லட்சக்கணக்கானோர் அதைக் கேட்டனர். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்தம் குடும்பத்தாரோடும் உடன்படிக்கை செய்துகொண்டது. ஊர்வலம் நடந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குப் பின்னும், ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாம் என்ற வழக்காடல் தீரவில்லை. இருபது மில்லிகிராம் என்ற அளவை ஏற்க இயலாது, பிற நாடுகளில் கேட்கும் தூய்மையை எங்கள் மலைக்கும் தாருங்கள் என்று மலையின் பக்கம் நின்றவர்கள் வாதாடினர்.

இக்கதையின் எதிர்முனையை அறிய, கடல் கடந்து மன்னாருக்குச் செல்வோம். முத்துக்குளிப்புக்கும் அரபு வணிகர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரங்களுக்கும் பெயர்பெற்ற தீவு அது; 1990-இல் விரட்டப்பட்ட வடபுல முஸ்லிம்கள் போர் ஓய்ந்தபின் மெல்ல மெல்லத் திரும்பி வந்த மண்ணும் அதுவே. 2020-இல் அங்கே முப்பது காற்றாலைகள் நிறுவப்பட்டன. அடுத்து, மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திட்டத்துக்கு அதானி நிறுவனம் முன்வந்தது. இம்முறை ஊர் முன்கூட்டியே கேட்டது: மழைநீர் வடியும் வழி அடைபடாதா? மீன்பாடு குறையாதா? ஆசியாவின் வடகோடியிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழி என்னாகும்? வழக்குகள் தொடரப்பட்டன, மின்சாரத்தின் விலை பற்றியும் சர்ச்சை எழுந்தது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைத் திட்டங்களை எதிர்த்து மக்கள் தெருவில் அமர்ந்தபோது, ஜனாதிபதி ஒரு மாத காலம் பணியை நிறுத்தி வைத்தார். செப்டம்பர் இறுதியில் தளவாடங்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டன. மோதலும் கடையடைப்பும் நிகழ்ந்தன.

காற்றையும் பாதரசத்தையும் ஒரே தராசில் வைப்பது நம் நோக்கமன்று. ஒன்று நஞ்சு; மற்றொன்று நிலக்கரிப் புகையிலிருந்து விடுதலை தரவல்லது. எனினும் நல்ல பொருளும் கேளாமல் வீட்டினுள் வைக்கப்பட்டால் வீட்டுக்காரன் மனம் ஒப்புவதில்லை. கொடைக்கானல் கேள்வி கேட்கத் தொடங்கியபோது பதினெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. விலையை அதன் மக்கள் உடலால் செலுத்தினர். மன்னார் முதல் நாளே கேட்டது; அதனால் வளர்ச்சிக்குப் பகைவர் என்ற பழியையும் சுமக்க நேர்ந்தது. இவ்விரண்டில் எது கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். எது திருத்தக்கூடியது என்பதை நாமும் அறியலாம். நிறுத்தி வைத்த காற்றாலையைப் பின்னரும் கட்டலாம். மண்ணில் இறங்கிய பாதரசத்தைத் தேடி எடுப்பது அரிது.

மண்ணும் நீரும் நமக்குப் பின் வருவோரின் அமானிதம். ஆதலால் நம் ஊர்களுக்கு எத்திட்டம் வந்தாலும், அதன் தாள்களைத் தமிழில் தாருங்கள் என்று கேட்பதும், கிராம சபையில் எழுந்து நின்று ஐயம் எழுப்புவதும், அக்கம்பக்கத்துச் சகோதர சமயத்தாரோடு கலந்து முடிவெடுப்பதும் நம் கடமை. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்க வேண்டும். அப்போது அம்மலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பூவைக் கண்டு திரும்பும்போது, பாம்பார் சோலையருகே ஒரு கணம் நின்று இவ்வரலாற்றையும் கேட்டறிந்து வரட்டும்.