தமிழகத்தில் நாய்களின் பல் நலம் – வரலாறு

தமிழக வரலாற்றில் நாயின் பல் முதலில் காவல் கருவியாகவும், பின்னர் நோய் பரப்பும் ஒன்றாகவும் பதிவாகியுள்ளது. அந்தப் பல்லுக்கும் நோய் வரும், அதற்கும் பராமரிப்பு தேவை என்ற கருத்து பரவலானது மிக அண்மையில்தான்.

நடுகல்லில் நாய்

மாமல்லபுரம், திருவிடந்தை அடங்கிய தொண்டை மண்டலத்தைப் பல்லவர் ஆண்ட காலத்துச் சான்று ஒன்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் அது. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த வீரனுடன், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் கடி இங்கு வீரமாகப் போற்றப்படுகிறது.

அச்சமும் மருத்துவமும்

1907இல் குன்னூரில் பாஸ்டியர் நிறுவனம் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு ஆளான மனிதரைக் காப்பதே அதன் முதல் நோக்கம். அதற்கு முன்பே, 1903இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியிருந்தது. ஆனால் அக்காலக் கால்நடை மருத்துவம் பெரிதும் குதிரை, மாடுகளைச் சுற்றியே வளர்ந்தது. சந்தையில் வயதும் விலையும் அறிய மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது வழக்கம். விலை பேசப்படாத தெரு நாயின் வாயைத் திறந்து பார்க்க அப்படியொரு காரணம் இருக்கவில்லை.

உலக அளவிலும் இத்துறை இளையது. அமெரிக்காவில் கால்நடைப் பல் மருத்துவச் சங்கம் 1976இலும், சிறப்பு மருத்துவர்களுக்கான அமைப்பு 1988இலும் உருவாயின.

நோயும் பராமரிப்பும்

நாய்க்குப் பால் பற்கள் 28, நிலையான பற்கள் 42. நாயின் உமிழ்நீர் காரத்தன்மை உடையது. ஆகவே சொத்தைப்பல் குறைவு. ஆனால் பல்லில் படியும் அழுக்குப் படலம் விரைவில் காரையாக இறுகி, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும்.

எலும்பைக் கடித்தால் பல் தானே சுத்தமாகும் என்ற நம்பிக்கை பாதியே உண்மை. மெல்லுதல் படலத்தைச் சற்று அகற்றும். கடின எலும்போ மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும். நாய்களுக்கான பற்பசையால் தினமும் துலக்குவதே சிறந்தது. மனிதப் பற்பசை கூடாது. சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. இறுகிய காரையை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அகற்றுவார்.

பல்வலி வந்த நாயும் பெரும்பாலும் தொடர்ந்து உண்ணும். எனவே வாய் நாற்றத்தை நாயின் இயல்பு என்று ஒதுக்காமல், நோயின் அறிகுறியாகக் கொள்ள வேண்டும்.